பத்துக் காம்பராவில் நாலாவது

1

இதை எழுதச் சொன்னவர் எல்சா மேடம். கதை என்று அவர் சொல்லவில்லை, 'வெற்றிக்கதை' என்றார். எங்கள் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் பதினான்காம் பக்கத்தில் ஒரு பெட்டி காலியாக இருந்தது. முந்நூறு வார்த்தை, ஒரு புகைப்படம்.

"பயனாளி பேரு, வயசு, முன்னாடி என்ன கஷ்டம், நம்மளால என்ன மாறுச்சு. அவ்வளவுதாங்க ரெனிஷ். வெள்ளிக்கிழமை குடுத்துருங்க."

அந்த வெள்ளிக்கிழமை கடந்து போய்விட்டது. பெட்டிக்குள் இப்போது யாரோ மரக்கன்று நடும் படம் இருக்கிறது.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். குன்னூர் பெட்போர்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறோம். செயற்கைக்கோள் எடுத்த படத்தைத் திரையில் விரித்து, அதில் தெரியும் ஒவ்வொரு கூரையையும் சுற்றி ஒரு கோடு போடுகிறோம். பாதைகளை வரைகிறோம். பிறகு ஒருவர் நேரில் போய், அங்கிருப்பவர்கள் அந்த இடத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதி வருகிறார். அது யாரும் பார்க்கக்கூடிய பொது வரைபடத்தில் ஏறுகிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு, தடுப்பூசி போடப் போகிறவர்கள், யாருக்கு வேண்டுமோ அவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நான் சரிபார்ப்பவன். மற்றவர்கள் வரைந்ததில் தப்பு இருந்தால் திருத்துவேன். ஒன்பது வருடத்தில் எண்பதாயிரம் கூரைகளையாவது பார்த்திருப்பேன். அவற்றில் ஒன்றின் கதவைக்கூடத் தட்டியதில்லை.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'ஓவேலி மலைச்சரிவில் வசிக்கும் திரு. ராசு (58) அவர்களின் முகத்தில் இன்று புன்னகை

(நடுவிலேயே நிறுத்திவிட்டேன். ராசு புன்னகைத்து நான் பார்த்ததில்லை. இதை எழுதியபோது நான் ராசுவையே பார்த்ததில்லை.)

2

இரண்டாம் தொடக்கம். இதில் நான் இல்லை, ஜோவிதா இருக்கிறாள்.

ஜோவிதாவுக்கு இருபத்தாறு வயது. ஊர் கேத்தி. அப்பா கேரட் போடுகிறவர். எங்கள் ஆறு பேரில் நேரில் போய்ப் பெயர் கேட்கிறவள் அவள்தான். சென்ற மார்ச்சில் ஓவேலிக்குப் போனாள். கூடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப்பில் தொற்றிக்கொண்டு, மீதியை நடந்து. நான் சரிபார்த்து அனுப்பியிருந்த, தொழிலாளர் குடியிருக்கும் பத்துப் பதினைந்து லைன்களில் ஒன்று, தேயிலைச் சரிவின் இடுப்பில், ஓடு போட்ட நீளக் கூரை. வாசலில் ஒரு பெண் கொழுந்துச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள். பெயர் வனிதா.

"ஏனுங்கக்கா, இந்த லைனுக்கு என்னங்க பேரு?"

"ஊத்துப்பாடி."

"எஸ்டேட் பேப்பர்ல மூணாம் நம்பர் லைன்னு போட்டிருக்குதுங்களே."

"அது பேப்பருக்கு" என்றாள் வனிதா. ஊசியை நிறுத்தாமலே சொன்னாள்: "எம் மக பொறக்கையில ஆம்புலன்சுக்கு போன் அடிச்சோம். ஊத்துப்பாடின்னோம். அப்படி ஒரு எடமே மேப்புல இல்லைன்னுட்டாங்க. சரி, மூணாம் நம்பர் லைன்னோம். வண்டி அடுத்த எஸ்டேட்டு மூணாம் நம்பருக்குப் போய் நின்னுக்கிட்டு ஹார்ன் அடிக்குது. அவ ஜீப்புல பொறந்தா."

ஜோவிதா 'ஊத்துப்பாடி' என்று டேப்லெட்டில் எழுதினாள்.

பெயருக்குக் காரணமான ஊற்றைக் காட்டுகிறேன் என்று உள்ளேயிருந்து வந்தவர்தான் ராசு. வனிதாவின் அப்பா. லைனுக்குப் பின்னால் மேட்டில் ஏறி, ஊற்று வெளியே தெரியும் இடத்தைக் காட்டினார். பிறகு அது மண்ணுக்குள் போய்விடுவதையும், கீழே இரண்டு இடத்தில் தேயிலை மட்டும் கோடையிலும் கரும்பச்சையாக நிற்பதையும் காட்டினார். அந்தப் பச்சைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறது, அது நேரே வீட்டுப் பின்சுவருக்கு வருகிறது என்றார். நான் பார்த்த படத்தில் அது வெறும் தேயிலை. ஜோவிதா நடந்து நடந்து அந்தத் தண்ணீர்த் தடத்தைக் குறித்துக்கொண்டாள்.

திரும்பும் வழியில் அவர் டேப்லெட்டை எட்டிப் பார்த்தார்.

"மகள், இது இந்தியாவ மட்டுந்தான் காட்டுமா?"

"எல்லா எடமும் காட்டுமுங்க மாமா. எங்க பாக்கணும்?"

"கடலுக்கு அந்தப் பக்கம்."

3

இந்த இடத்தில்தான் எனக்கு ராசுமேல் சந்தேகம் வந்தது. அவர் பேச்சில் அல்ல, நான் அவரை எழுதும் விதத்தில். என் பிரதியில் அவர் தொலைவில் மலைகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். கண் கலங்கினார். ஜோவிதா வாசித்துவிட்டு இரண்டு வரியையும் அடித்தாள்.

"அழுவலீங்கண்ணா. மூக்குப்பொடி போட்டாரு. தும்முனாரு. அதுக்கப்பறம் சொன்னாரு."

சரி. ராசு மூக்குப்பொடி போட்டார், தும்மினார். அதற்கப்புறம் சொன்னது இது.

பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். எழுபத்து நான்கில், அவருக்கு ஏழு வயதாக இருந்தபோது, இந்தியக் கடவுச்சீட்டு வந்த குடும்பங்களை ஏற்றி அனுப்பினார்கள். ரயில், கப்பல், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. அப்பா, அம்மா, ராசு மூவரும் வந்தார்கள். அக்கா வரவில்லை. அக்கா ஆண்டாயிக்கு அப்போது பதினேழு. அந்த வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் வீட்டார் அங்கேயே இருக்க எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு அரசும் ஒரு ஒப்பந்தம் போட்டு, ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்களை இரண்டு நாட்டுக்குப் பிரித்துவிட்டன. (இந்த வரியை எல்சா மேடம் எடுக்கச் சொன்னார். ஆண்டறிக்கையில் அரசியல் கூடாது. இங்கே வைத்துக்கொள்கிறேன்.)

கொஞ்ச காலம் கடிதம் வந்தது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வரவில்லை. வந்த கடிதங்களும் ஒரு மழையில் கூரை ஒழுகிப் போயின. அவற்றோடு முகவரியும் போயிற்று.

"தோட்டத்துப் பேரு என்னங்க மாமா?"

"சங்கிலிமலை."

ஜோவிதா அங்கேயே தேடினாள். அப்படி ஒரு இடம் இல்லை. அவளுக்கு உடனே புரிந்தது. ஊத்துப்பாடிக்கு என்ன நடந்ததோ அதுதான். தோட்டத்துக்குத் துரைமார் வைத்த பெயர் வேறாக இருக்கும், வரைபடத்தில் அதுதான் இருக்கும். சங்கிலிமலை என்பது அங்கே கொழுந்து பறித்தவர்கள் வைத்த பெயர்.

"வேற எதாச்சும் அடையாளம்?"

அவர் தரையில் குச்சியால் வரைந்தார். அரிவாள் மாதிரி வளைகிற ஆறு. வளைவில் ஒரு கல்பாலம். பாலத்திலிருந்து ஏறும் பாதை. பாதையோரம் பணிய லயம் என்கிற கீழ் லைன், அதற்கு மேலே மேட்டு லயம். உச்சியில் ஸ்டோர், அதாவது தேயிலை ஃபேக்டரி. பணிய லயத்தில் பத்துக் காம்பரா, பத்து அறை, ஒரே கூரை. அக்கா இருந்தது நாலாவது காம்பராவில்.

ஜோவிதா அதைப் போட்டோ எடுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலிலிருந்து வந்ததும் பதுளை மலைகளைத் திரையில் விரித்துவைத்துக்கொள்வாள் என்று பிறகு தெரிந்தது. அரிவாள் மாதிரி வளையும் ஆறு அங்கே எத்தனையோ. ஏப்ரலில் தேடினாள், மே மாதம் தேடினாள். ராசு ஒருமுறைகூட போன் செய்து கேட்கவில்லை. வனிதாதான் ஒருநாள் சொன்னாளாம்: "அப்பா உங்களத் தொந்தரவு பண்ண மாட்டாரு. ஆனா நீங்க எப்பக் கூப்புட்டாலும் நான் எடுக்கறதுக்குள்ள அவரு வந்து பக்கத்துல நின்னுக்கறாரு."

4

முந்நூறு வார்த்தைக்குள் முடிக்க விரும்புகிறவர்களுக்கான முடிவு இங்கே இருக்கிறது.

ஜூன் கடைசியில் ஓவேலியில் ஐந்து நாள் விடாத மழை. ஆறாம் நாள் காலை ஊத்துப்பாடியின் பின்சுவரில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. வனிதா போன் அடித்தாள். ஊத்துப்பாடி என்றாள். இந்த முறை அந்தப் பக்கம் இருந்தவர், "ஓவேலி ஊத்துப்பாடிதானே, தெரியுது" என்றார். தீயணைப்பு வண்டி நேரே வந்தது. வந்தவர்களின் கையிலிருந்த வரைபடத்தில் ராசு காட்டிய தண்ணீர்த் தடமும் இருந்ததால், பக்கத்து லைனையும் சேர்த்துக் காலி செய்தார்கள். பதினோரு குடும்பம் பள்ளிக்கூடத்துக்குப் போனது. மத்தியானம் இரண்டு மணிக்குச் சுவர் விழுந்தது. உள்ளே யாரும் இல்லை.

இது உண்மை. நான் ஒன்பது வருடம் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததற்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. எல்சா மேடம் மேசையைத் தட்டி, "இதுதாங்க கதை, இதோட நிறுத்துங்க" என்றார்.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் மறுநாள் ஜோவிதா நலம் விசாரிக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, ராசு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாராம். பதினோரு குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தோட்டம் இன்னும் கிடைக்கவில்லை என்று அவள் தலையசைத்தாள். அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

அந்த உட்கார்தல் முந்நூறு வார்த்தைக்குள் அடங்கவில்லை.

5

நவம்பர் கடைசியில் இலங்கையில் புயல் அடித்தது. மலையகத்தில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. இப்படி எங்கே நடந்தாலும் உலகெங்கும் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு அழைப்பு வரும். சேதமான பகுதியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆளுக்கொரு கட்டம். புயலுக்கு முந்தைய படத்தில் இருக்கும் கூரைகளை வரைந்து, பிந்தைய படத்தில் எது இல்லையோ அதைக் குறிக்க வேண்டும். மீட்புக்குப் போகிறவர்கள் அதை வைத்துத்தான் எங்கே நடப்பது என்று முடிவு செய்வார்கள்.

நாங்கள் ஆறு பேரும் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு வரைந்தோம். மூன்றாம் நாள் பதினோரு மணிக்கு, டீ வந்த நேரம், ஜோவிதா என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இதக் கொஞ்சம் சரிபாருங்க."

"முடிச்சிட்டு அனுப்பு ஜோவி. வரிசையில வரட்டும்."

"இல்லீங்க. இங்க வந்து பாருங்க."

போனேன். திரையில் புயலுக்கு முந்தைய படம். அரிவாள் மாதிரி ஆறு. வளைவில் பாலம். ஏறும் பாதை. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு நீளக் கூரை. உச்சியில் பெரிய தகரக் கட்டடம். பக்கத்தில் அவள் போனைத் திறந்து வைத்திருந்தாள். மார்ச் மாதம் எடுத்த போட்டோ, தரையில் குச்சியால் போட்ட கோடுகள்.

அவள் அடுத்த படத்துக்கு மாற்றினாள்.

பாலம் இல்லை. மேட்டு லயம் இருக்கிறது. அதற்குக் கீழே, ஸ்டோர் பக்கமிருந்து ஒரு பழுப்புப் பட்டை இறங்கி, பணிய லயத்தின்மேல் ஏறி, ஆற்றில் போய் விழுந்திருக்கிறது. கூரையில் பாலத்துப் பக்கம் கொஞ்சம் மட்டும் மிச்சம்.

அளவெடுப்பது என் வேலை. எடுத்தேன். பழைய கூரையின் நீளம் நாற்பது மீட்டர். பத்துக் காம்பரா என்றால் ஒன்று நான்கு மீட்டர். மிச்சம் இருப்பது பதினாறரை மீட்டர்.

"நாலு காம்பரா நிக்குது" என்றேன்.

"எந்தப் பக்கமிருந்து நாலாவதுன்னு அவரு சொல்லல" என்றாள் ஜோவிதா. "நானுங் கேக்கல."

பாலத்துப் பக்கமிருந்து எண்ணினால் நாலாவது காம்பரா மண்ணின் விளிம்பில் நிற்கிறது. ஸ்டோர் பக்கமிருந்து எண்ணினால் மண்ணுக்குள். அவரைக் கேட்டால்தான் தெரியும். கேட்டால் அவருக்கும் தெரிந்துவிடும்.

(குறிப்பு: ஐம்பத்தோரு வருடத்தில் ஒரு பெண் அதே காம்பராவில் இருப்பாள் என்று என்ன நிச்சயம், என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். இது அதே தோட்டமா என்பதுகூட நிச்சயமில்லை. ஜோவிதா அந்தக் கட்டத்தை வரைந்து முடித்தாள். இடிந்த கூரை ஒன்று, உடைந்த பாலம் ஒன்று. நான் சரி என்று குறித்தேன். கை நடுங்கியது என்று எழுதப் பார்த்தேன். நடுங்கவில்லை. டீ ஆறிப்போயிருந்தது, அவ்வளவுதான்.)

6

டிசம்பர் முதல் வாரம் நானும் அவளோடு ஓவேலிக்குப் போனேன். பஸ்ஸில் மனதுக்குள் இரண்டு முடிவுகளை எழுதிவைத்திருந்தேன்.

ஒன்று: ராசு படத்தைப் பார்த்து, 'இது இல்ல மகள், எங்க ஆறு இன்னும் பெருசு' என்கிறார். நாங்கள் நிம்மதியாகத் திரும்புகிறோம். அவர் தொடர்ந்து ஏங்குகிறார்.

மற்றொன்று: நாங்கள் சொல்லாமலே

(இதையும் விட்டுவிட்டேன். ஜீப் வந்துவிட்டது.)

ஊத்துப்பாடிக்காரர்களை எஸ்டேட்டில் வேறொரு லைனுக்கு மாற்றியிருந்தார்கள். வாசலில் வனிதா நின்றிருந்தாள். "நியூஸ்ல பாத்ததுல இருந்து உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்காரு" என்றாள். "நீங்க வரலைன்னா ஒண்ணுமில்லைன்னு அர்த்தம், வந்தா ஏதோ இருக்குன்னு அர்த்தம்னு சொன்னாரு."

நான் ராசுவை முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். நான் எழுதியதைவிடக் குள்ளமானவர். சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டிருந்தார். ஜோவிதா முதலில் பழைய படத்தைத் தந்தாள். அவர் டேப்லெட்டை மடியில் வைத்து, வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலைப் பாலத்தில் வைத்து, பாதையோடு மெதுவாக மேலே இழுத்துப் போனார். படம் விலகி ஓடியது. ஜோவிதா சரி செய்து கொடுத்தாள். மறுபடி பாலத்திலிருந்து.

"இதான்" என்றார். "இந்தா, இந்தப் பாலத்துலதான் லாரி நின்னுச்சு. அக்கா இந்தப் பாதையில ஓடி வந்தா. ராசு, ராசுன்னு கூப்புடுறா. அவ எங்ககூட வரமாட்டேன்னுட்டாளேன்னு எனக்குக் கோவம். ஏழு வயசுப் பயலுக்கு என்ன தெரியும். நான் திரும்பியே பாக்கல மகள். அம்மா தலையப் புடிச்சுத் திருப்புறாங்க, நான் கண்ண இறுக்கி மூடிக்கிட்டேன். லாரி போயிருச்சு."

வனிதா அப்பாவைப் பார்த்தாள். "கையாட்டிட்டு வந்தேன்னுல்ல எங்ககிட்டச் சொல்லுவீங்க."

"ஆமா. அப்படித்தான் சொல்லுவேன்."

ஜோவிதாதான் கேட்டாள். குரல் சாதாரணமாக இருக்க வேண்டும் என்று அவள் பாடுபட்டது எனக்குத் தெரிந்தது.

"மாமா, நாலாவது காம்பரான்னீங்களே. எந்தப் பக்கமிருந்துங்க நாலாவது?"

"பாலத்துப் பக்கந்தான். ஆத்துல குளிச்சுப்புட்டு ஏறி வருவோம்ல. ஒண்ணு, ரெண்டு, மூணு, அக்கா ஊடு."

அவள் மூச்சை விட்டாள். சத்தம் கேட்டது. ராசு நிமிர்ந்தார்.

"ஏன் மகள்? இன்னொரு படம் இருக்குதானே. காட்டுங்க."

காட்டினாள். பழுப்புப் பட்டையை அவர் விரலால் தொடவில்லை. மிச்சமிருந்த கூரைத் துண்டை மட்டும் தொட்டார். எண்ணினார். உதடு அசைந்தது. நாலுக்கு வந்து அங்கேயே விரலை வைத்துக்கொண்டார்.

"சொவத்தோட சொவரா மண்ணு நிக்குது" என்றார்.

"ஆமாங்க."

"ஆனா நிக்குது."

"நிக்குதுங்க மாமா."

7

அந்தப் பகுதியில் நிவாரண வேலை செய்கிற வசந்தகுமார் என்ற ஆசிரியரின் எண்ணை ஜோவிதா முன்பே வாங்கிவைத்திருந்தாள். எங்கள் கட்டங்களைப் பார்த்து நடந்து போகிறவர்களில் அவரும் ஒருவர். ராசு சொல்லச் சொல்ல அவள் போனில் எழுதினாள்.

'அன்புள்ள அக்கா ஆண்டாயிக்கு, நீ நலமா

"அது வேணாம். அழிங்க."

'அக்கா, நான் அன்னிக்கு

"அதுவும் வேணாம்."

'அம்மா தொண்ணூத்தி ரெண்டுல

"இப்ப எதுக்கு அதச் சொல்லிக்கிட்டு." நெற்றியைத் தேய்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று வாக்கியம் பாதியில் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவ முடியாது என்று தெரிந்தது. எழுதத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

கடைசியில் போனது இவ்வளவுதான்: 'சங்கிலிமலை, பணிய லயம், பாலத்துப் பக்கமிருந்து நாலாவது காம்பரா. ஆண்டாயி, வயது 68. தம்பி ராசு கூப்பிடுகிறான்.'

நாங்கள் கூடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் வசந்தகுமாரின் குரல் பதில் வந்துவிட்டது: "அந்தத் தோட்டந்தான், எங்க ஆக்களும் சங்கிலிமலைன்னுதான் சொல்றது. அங்க இன்னும் யாரும் போகல்ல. பாலம் இல்லதானே, சுத்தி மேட்டுப் பக்கமா நடக்கணும், நாலு மணித்தியாலம். சிக்னலும் இல்ல. நாளைக்கு விடிய நாங்க போறோம். வந்துதான் சொல்ல ஏலும்."

அந்த 'நாளை' இன்றைக்குத்தான். மணி பத்து ஆகிறது. ஜோவிதா வரைபடத்தில் அந்தத் தோட்டத்தின் ஆங்கிலப் பெயருக்குக் கீழே 'சங்கிலிமலை' என்று ஏற்றிவிட்டு, போனை மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். வனிதா இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.

வசந்தகுமார் திரும்பி வரும்வரை காத்திருந்து, நடந்ததை எழுதலாம். அதுதான் நியாயம் என்று நீங்கள் சொல்வீர்கள். ஆனால் அவர் என்ன கொண்டுவந்தாலும் அது ராசுவுக்குச் சேர வேண்டியது. அதை உங்களிடம் முதலில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே, நான் இங்கே நின்றுகொள்கிறேன்.

நீங்கள் வேண்டுமானால் போங்கள். மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். மண் இன்னும் ஈரமாக இருக்கும், பக்கவாட்டில் கால் வைத்து நடங்கள். கூரை முடிகிற இடத்தில், மண்ணை ஒட்டி ஒரு கதவு இருக்கும். தட்டுங்கள். உடனே திறக்கவில்லை என்றால் எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். அறுபத்தெட்டு வயதில் எழுந்து வர நேரமாகும். பெயரைச் சொல்லி ஒருமுறை கூப்பிட்டுவிட்டு, அங்கேயே நில்லுங்கள்.